கோடு போட்ட புட்டியும் கத்தரித்த அட்டையும்

அறுபதுகளில் சிற்றூர் டாக்டரிடம் போகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டுதான் போவார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார், துண்டுச் சீட்டில் இரண்டு வரி கிறுக்குவார். மரத்தடுப்பில் வெட்டிய சிறு சன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் நிற்பார். அவருக்குப் பின்னால் முன்கூட்டியே கலந்து வைத்த மிக்ஸ்சர் சாடிகள். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று பால்போல வெள்ளை. அளவுக் குவளையில் ஊற்றி, தண்ணீர் விட்டு நிரப்பி, புட்டியின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். பட்டையின் ஓரம் பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளை. "காலையில ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு. நல்லாக் குலுக்கிட்டுக் குடிக்கணும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். மருந்தின் பெயர் புட்டியில் இராது, தேதி இராது, நோயாளியின் பெயர்கூடப் பெரும்பாலும் இராது. மாத்திரை என்றால் காகிதத்தில் மடித்த பொட்டலம்.

இன்று ஒரு ரூபாய் மாத்திரையின் அட்டையில்கூட மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை, கம்பெனியின் முகவரி எல்லாம் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்றால் இடப்பக்கம் ஒரு சிவப்புக் கோடு. 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில், செல்போனால் படித்துப் பார்க்கும்படியான குறியீடும் வந்துவிட்டது.

புட்டிக் காலத்தில் தவறுகள் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடந்தவை வெளியே தெரியவில்லை. சாடியின் சீட்டு மாறி ஒட்டியிருக்கலாம். குவளையில் ஒரு டிராம் கூடியிருக்கலாம். விஷ அலமாரியில் இருக்க வேண்டியது பக்கத்து அலமாரியில் இருந்திருக்கலாம். காய்ச்சலோடு போன குழந்தை மூன்றாம் நாள் இறந்தால், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி அழுதார்கள். சாட்சியாக நிற்கக்கூடிய ஒரே பொருள் அந்தப் புட்டி. அதுவும் வீட்டுக்காரர்களுடையது. அடுத்த காய்ச்சலுக்கு ஆகட்டும் என்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

1948இன் பார்மசி சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கலந்து கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அன்று படித்துத் தேறியவர்கள் எத்தனை பேர்? பல ஆண்டு அனுபவத்தில் தொழில் செய்துவந்தவர்களையும் முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பார்த்துப் பழகி, திட்டு வாங்கி, கை தேர்ந்த மனிதர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிக் கதை கட்டி உயர்த்த எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். புட்டியை வாங்கும்போதே "இது யாருக்கு? சின்னவனுக்கா? போன மாசம் பேதின்னு வந்தானே, அவனுக்கா?" என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. டாக்டர் எழுதிய அளவு குழந்தைக்கு அதிகம் என்று பட்டால், சீட்டோடு உள்ளே போய், குரலைத் தாழ்த்தி ஒருமுறை கேட்டுவிட்டு வருவார்கள். அப்படித் தடுக்கப்பட்ட தவறுகளுக்கும் கணக்கு இல்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் மாற்றம் வந்த ஆண்டைச் சுட்டிக் காட்ட முடியும். அதற்குமுன் மாத்திரைகள் டப்பா டப்பாவாக வரும். ஊழியர் கையால் அள்ளி எண்ணி, நோயாளி நீட்டிய காகிதத்தில் கொட்டுவார். வெள்ளை மாத்திரை பத்து, மஞ்சள் மாத்திரை ஆறு. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, மருந்து கொள்முதல் ஒரே இடத்துக்கு வந்தது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த சரக்கு, அட்டையாகவே நோயாளியின் கைக்கு வந்தது. அட்டையில் அரசின் முத்திரையும், விற்பனைக்கு அல்ல என்ற வரியும் இருந்தன. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. காகிதப் பொட்டலம் போய், பெயர் அச்சடித்த அட்டை வந்ததைச் சாதாரண மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. மாத்திரை எது என்று கேட்க, தவறு என்றால் நிரூபிக்க, ஏழை நோயாளிக்கு முதன்முதலாக ஒரு துண்டு ஆதாரம் கிடைத்தது.

அந்த ஆதாரத்தை மருந்துக்கடைக் கத்தரிக்கோல் இன்றும் வெட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மாத்திரை போதும் என்று கேட்டால், பத்து மாத்திரை அட்டையிலிருந்து மூன்றை நறுக்கித் தருகிறார்கள். காலாவதி மாதம் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும். அந்த முனை முதலில் வந்தவருக்குப் போயிருந்தால், அடுத்தவர் கையில் இருப்பது தேதியில்லாத வெள்ளித் தகடு. பெயரும் பாதியில் அறுந்திருக்கும். வீட்டில் தகர டப்பாவைத் திறந்து பாருங்கள். இப்படிப் பெயரில்லாத மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு குவியல் கிடக்கும். அச்சு எவ்வளவு பெருகினாலும் கடைசியில் பொட்டலமாகவே கைக்கு வருகிறது.

அளவைகளின் கதையும் இதேபோலத்தான். கம்பவுண்டரின் காலத்தில் கிரெயின், மினிம், டிராம், அவுன்ஸ். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். மனப்பாடம் செய்தவருக்கே புரியும் கணக்கு. மெட்ரிக் அளவை வந்தபோது குழப்பம் குறைந்தது. ஒரே அளவை, உலகம் முழுதும் ஒரே கணக்கு. ஆனால் பின்னத்தில் எழுதிய காலத்தில் கால் என்பதை அரை என்று படித்தால் மருந்து இரண்டு மடங்கு. தசமத்தில் ஒரு புள்ளி மங்கிப்போனால் பத்து மடங்கு. 0.5 என்பதைப் புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாமல் எழுதாதே என்றும், 5 என்பதை 5.0 என்று எழுதாதே என்றும் இன்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இன்சுலினில் இது கண்ணெதிரே நடக்கும். நம் நாட்டில் இன்சுலின் புட்டி இரண்டு செறிவில் கிடைக்கிறது. மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது ஒன்று, 100 யூனிட் கொண்டது இன்னொன்று. முதலாவதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் கோடுகள் அந்தந்தச் செறிவுக்கு என்றே போடப்பட்டவை. நூறின் புட்டியிலிருந்து நாற்பதின் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். மாற்றி எடுத்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ஒரு நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது கூட்டிய அளவு முழுதாக இறங்கும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்த காலத்தின் சீழ்க்கட்டிகள் இன்று இல்லை. கோட்டைத் தப்பாகப் பார்க்கும் கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

குழந்தைகளுக்கான பாரசிட்டமாலிலும் இதைக் காணலாம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் ஒன்று. ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து ஒன்று. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து அதே அளவு ஊற்றினால் நான்கு மடங்கு. கைக்குழந்தைக்கு என்று வாங்கியது ஆகையால் அது வீரியம் குறைந்தது என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள்.

எழுத்துக்கு வருவோம். 1993 டிசம்பரில் டில்லியில், காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு குழந்தைக்கு டாக்டர் எழுதியது குளோராம்பெனிகால்; டைபாய்டுக்கான மருந்து. செவிலியர் படித்தது குளோரோகுயின், மலேரியாவுக்கான மருந்து. ஊசி மருந்தை வாங்கிவரக் குழந்தையின் தந்தையையே அனுப்பினார்கள். அவர் வாங்கி வந்தார். குழந்தைக்குத் தாங்காத அளவு நேராக ரத்தக்குழாயில் ஏற்றப்பட்டது. குழந்தை அங்கேயே துவண்டு விழுந்தது. உயிர் தங்கியது, மூளை மீளவில்லை. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெற்றவர் அல்ல என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது.

அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன் என்றால் அந்தத் தந்தை என்ன செய்திருப்பார்? சிவில் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டி, சாட்சி சொல்ல இன்னொரு டாக்டரைத் தேடி அலைந்திருக்கலாம். சக டாக்டருக்கு எதிராகக் கூண்டேற யார் முன்வருவார்? 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மருத்துவம் அதில் அடங்குமா என்பதில் பெரும் இழுபறி. அடங்காது என்றது 1994இல் நம் சென்னை உயர் நீதிமன்றம். 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம். டில்லிக் குழந்தையின் வழக்கில் 1998இல் தீர்ப்பு வந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் துயரத்துக்கென்று தனியாக 5 லட்சம். நோயாளி மட்டுமல்ல, அவருக்காகக் காசு கொடுத்தவரும் நுகர்வோரே என்று அந்தத் தீர்ப்பு சொன்னதால் பெற்றோருக்கும் இழப்பீடு வந்தது.

1995இன் தீர்ப்பில் ஒரு விலக்கு உண்டு. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆக, அன்று டப்பாவிலிருந்து எண்ணிக் கொட்டிய மாத்திரையை வாங்கியவருக்கும், இன்று அதே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அட்டையாக வாங்குபவருக்கும், நுகர்வோர் மன்றத்தின் கதவு ஒன்றுபோல மூடியே இருக்கிறது. காசு கொடுக்காதவருக்கும் தப்பு மருந்தால் போவது அதே உயிர்தான்.

இனி கல்கத்தா. 1998இல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அனுராதா சாஹாவுக்குத் தோலில் தடிப்புகள் வந்தன. மெல்லத் தேய்ந்து வாரக்கணக்கில் வேலை செய்யும் ஒரு ஸ்டீராய்டு ஊசியை, ஒரு வேளைக்கு 80 மில்லிகிராம் என, நாளுக்கு இரண்டு வேளை எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊசியை ஒருமுறை போட்டால் அடுத்ததற்கு ஒரு வாரமாவது, இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். தோல் உரியும் கொடிய நோய் முற்றி, மே மாதம் மும்பையில் அவர் இறந்தார். கணவர் குணால் சாஹா தானும் ஒரு டாக்டர். அந்தச் சீட்டை அவர் விடவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் மருத்துவக் கவனக்குறைவு என்று தீர்த்தது. குற்ற வழக்கில் டாக்டர்களை விடுவித்தது. 2013 அக்டோபரில் இழப்பீடு சுமார் 6 கோடி என்றும், அதற்கு 6 விழுக்காடு வட்டி என்றும் முடிவானது.

இங்கே தவறு படித்ததில் இல்லை, எழுதியதிலேயே இருந்தது. எழுதிய தாளும் இருந்தது. புட்டியைக் கழுவிக் கவிழ்த்த காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு தாளில் காணலாம். ஆனால் 15 ஆண்டுகள். மனைவியைப் பறிகொடுத்தவர் மருத்துவம் படித்தவர், அமெரிக்காவில் வேலை பார்த்தவர், விடாப்பிடியானவர். இறந்தவர் அமெரிக்காவில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானமும் கணக்கில் சேர்ந்தது. அனுராதா இறப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1996இல், ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்துகளைக் கொடுத்து பம்பாயில் ஒருவர் இறந்த வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு 3 லட்சம். தப்பு மருந்துக்கு விலை போடும்போது நோயாளியின் சம்பளச் சீட்டையும் பார்க்கிறார்கள். சட்டத்தின் கணக்கு அப்படி. இதே ஊசி ஒரு பீடி சுற்றும் பெண்ணுக்குப் போடப்பட்டிருந்தால் கோடிப் பேச்சே எழுந்திராது.

மருந்தால் வந்த எல்லாக் கேடும் கவனக்குறைவு ஆகிவிடாது என்பதையும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1991இல் சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு மும்பையில் அமிகாசின் என்ற ஊசி போடப்பட்டது. காது கேளாமல் போனது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு விளைவு உண்டென்பது தெரிந்ததே. நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் தரச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: தொற்று முற்றி உயிரே போகும் நிலையில், தெரிந்தே எடுத்த முடிவு அது, தவறு அல்ல. காதை இழந்தவருக்கு இது ஆறுதல் ஆகாது. ஆனாலும் தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. வீரியமான மருந்தைத் தொட டாக்டர்கள் அஞ்சினால் அதிலும் நோயாளிகள் சாவார்கள், அதற்கு வழக்கும் இராது.

கையெழுத்தை ஒழுங்குபடுத்த 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் சீட்டு இப்போது கணினியில் அச்சாகிறது. கிறுக்கல் ஒழிந்தால் படிப்பதில் தவறு ஒழியும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதுதான். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் நடந்தது அதை அசைத்தது. ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க ஒரு முதிய பெண்மணிக்கு வெர்செட் கொடுக்கச் சொன்னார்கள். மருந்து இருந்தது கணினி பூட்டிய அலமாரியில். செவிலியர் வி, இ என்று முதல் இரண்டு எழுத்தை அடித்தார். அலமாரியில் வெர்செட்டுக்கு அதன் மூலப்பெயர்தான் பதிவாகியிருந்தது. எச்சரிக்கையைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினார். அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வெளியே வந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. பெண்மணி இறந்தார். டில்லியில் பேனாவின் முதல் அசை ஏமாற்றியது என்றால், நாஷ்வில்லில் திரையின் முதல் இரண்டு எழுத்து ஏமாற்றியது. அந்தச் செவிலியர் தன் தவறைத் தானே உடனே சொன்னவர். 2022இல் அவரைக் குற்றவாளி என்றார்கள். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. இனி யார் உண்மையைச் சொல்வார்கள் என்று அங்குள்ள செவிலியர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

நம் ஊரில் மருந்து இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண் தன்னார்வலர்கள் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன மாத மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கம்பவுண்டர் கேட்ட கேள்வி, அவருக்குக் கிடைக்காத பதிவேட்டோடு சேர்ந்து, இங்கே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம். அதே வீட்டில் முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்குத் தனியாரில் ஒருவர் என்று மூன்று சீட்டு இருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு வேளையாக உள்ளே போகும். வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை.

தண்டனையில் மட்டும் யார் எங்கே என்பது தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் உயிர் போனால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. டாக்டரைக் குற்ற வழக்கில் சேர்க்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கொடியதாக இருக்க வேண்டும் என்றும், வேறொரு டாக்டரின் கருத்தை முதலில் பெற வேண்டும் என்றும் 2005இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை என்று உயர்த்தி, சிகிச்சையின்போது நேர்ந்தது என்றால் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்று நிறுத்தியது. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்றும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: மருத்துவப் பட்டம் பெற்று, மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். மருந்தை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநரும், ஊசியை ஏற்றும் செவிலியரும் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி, ஒரே சீட்டைத் தப்பாக எழுதியவருக்கு இரண்டு. தப்பாகப் படித்தவருக்கு ஐந்து.